கவுன்சலிங் அறைக்குள் என்னதான் நடக்கிறது?

'ஆலோசனை' என்ற சொல்லிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. யோசனை சொல்வதைத்தான் நாம் ஆலோசனை என்று பழகியிருக்கிறோம். அதனால் முதல்முறை கவுன்சலிங்குக்குப் போகிறவர்களில் பலர் பிரச்சினையைக் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்று காத்திருக்கிறார்கள். ஆலோசகரோ பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்கிறார். வந்தவருக்கு ஏமாற்றம். "சும்மா பேசிட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டு, அடுத்த வாரம் போகாமலே விட்டுவிடுகிறார்.

தமிழில் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: ஆற்றுப்படுத்துதல். உளவளத்துணை என்றும் சொல்கிறோம். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படைப் பாடல்களில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி காட்டுவான். நடக்க வேண்டியது வந்தவன்தான். ஆற்றுதல் என்றால் சூட்டைத் தணிப்பது என்றும் பொருள். இரண்டுமே இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. ஒன்றில் மட்டும் வேறுபாடு. பாணனுக்கு வள்ளலின் ஊர் தெரியும். ஆலோசகருக்கு, வந்தவர் போய்ச் சேர வேண்டிய ஊர் எது என்று தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைதான் அவருக்குத் தெரியும்.

அறிவுரை ஏன் பெரும்பாலும் வேலை செய்வதில்லை? மனக்கஷ்டத்தில் இருப்பவர் ஆலோசகரிடம் வருவதற்குள் எல்லா அறிவுரையையும் கேட்டு முடித்திருப்பார். "கவலைப்படாதே", "அதையே நினைக்காதே", "குடிக்காதே" இவையெல்லாம் அவருக்குத் தெரியாதவை அல்ல. செய்ய முடியாமல் எது தடுக்கிறது என்பதுதான் தெரியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. முதலில் சொல்லப்படும் பிரச்சினை பெரும்பாலும் சொல்ல எளிதான பிரச்சினை. தூக்கம் வரவில்லை என்று தொடங்குபவர், மூன்றாவது சந்திப்பில்தான் கடனைப் பற்றியோ திருமண உறவைப் பற்றியோ வாய் திறப்பார். முதல் சந்திப்பிலேயே தூக்கத்துக்கு யோசனை சொல்லி அனுப்பிவிட்டால் அந்த மூன்றாவது சந்திப்பே நடக்காது.

ஆலோசகர் கொண்டுவரும் மூன்று குணங்கள்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையான ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் மூன்று, ஆலோசகர் கடைப்பிடிக்க வேண்டியவையாக இன்றும் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமாக இருக்கின்றன. வந்தவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க முயல்வது ஒன்று. அவர் என்ன செய்திருந்தாலும், ஒரு மனிதராக அவரை மதிப்பது இரண்டாவது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நடிக்காமல் இருப்பது மூன்றாவது.

இரண்டாவது குணத்தைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மதிப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. குழந்தையை அடித்துவிட்டேன் என்று அழும் தந்தையிடம், "பரவாயில்லை, எல்லாரும் அடிக்கிறதுதான்" என்று ஆலோசகர் சொல்ல மாட்டார். "இப்படி ஒரு அப்பாவா?" என்று முகம் சுளிக்கவும் மாட்டார். "அடிச்சதை நீங்களே தாங்க முடியாமத்தான் இங்க வந்து சொல்றீங்க" என்பது போல ஒன்றைச் சொல்வார். கண்டிக்கப்படுவோம் என்று அஞ்சுகிறவர் கதையைத் திருத்திச் சொல்வார். திருத்திய கதையை வைத்துக்கொண்டு யாருக்கும் உதவ முடியாது. அந்தக் குழந்தை இன்னும் ஆபத்தில் இருக்கிறதா என்பதை ஆலோசகர் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். மதிப்பு அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது.

முதல் சந்திப்பு

ஒரு சந்திப்பு வழக்கமாக 50 நிமிடம், வாரம் ஒருமுறை, முடிந்தவரை அதே நாளில், அதே நேரத்தில். மீதிப் பத்து நிமிடத்தில் ஆலோசகர் குறிப்பு எழுதி, அடுத்தவருக்குத் தயாராவார். நேரத்தில் முடிப்பதைக் கறார் என்று நினைக்க வேண்டாம். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் மனம் துணிந்து திறக்கும், மூடிக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும். எழுந்து போகும்போது கதவருகே நின்று மிகப் பெரிய விஷயத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. அனுபவமுள்ள ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டு, "இதை அடுத்த வாரம் முதல் விஷயமா எடுத்துக்கலாம்" என்பார்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்கோணத்தில் போடுவார்கள். வேண்டும்போது கண்ணைப் பார்க்கலாம், வேண்டாதபோது பார்வையை விலக்கிக்கொள்ளலாம். நடுவில் மேசை இருக்காது. கடிகாரம் இருவருக்கும் தெரியும்படி இருக்கும்.

முதல் சந்திப்பில் கதைக்கு முன்னால் ஒப்பந்தம். கட்டணம், வராமல் போனால் என்ன, குறிப்புகளை யார் பார்ப்பார்கள், முக்கியமாக இரகசியம். இங்கே பேசுவது வெளியே போகாது என்பதோடு நிறுத்தும் ஆலோசகர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குக் கடும் தீங்கு, குழந்தைக்கு நடக்கும் கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகியவற்றில் இரகசியத்துக்கு வரம்பு உண்டு; சட்டத்துக்குச் சட்டம் அது கொஞ்சம் மாறும். நல்ல ஆலோசகர்கள் தங்களிடம் வருபவர்களின் பிரச்சினைகளை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கலந்து பேசுவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வரம்பைப் பிற்பாடு தெரிந்துகொள்கிறவருக்கு அது துரோகமாகவே படும்.

பிறகு பின்னணி: எப்போது தொடங்கியது, ஏன் இப்போது வந்தார், தூக்கம், பசி, மது, மருந்துகள், முன்பு எடுத்த சிகிச்சை, வீட்டில் யார் துணை. 'ஏன் இப்போது' என்பது மிகவும் பயனுள்ள கேள்வி. இரண்டு வருடமாக இருக்கும் பிரச்சினைக்கு இந்த வாரம் வந்திருக்கிறார் என்றால், இந்த வாரம் ஏதோ நடந்திருக்கிறது.

கேட்பது என்பது ஒரு வேலை

ஒருவர் வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எங்க அண்ணன்கிட்ட பேசி எட்டு மாசம் ஆச்சு. அவன் பேசாட்டி எனக்கென்ன? ஆனா போன் அடிச்சா மட்டும் முதல்ல அவன் பேராங்கறதைத்தான் பார்க்கிறேன்."

இதற்கு மூன்று ஆழத்தில் பதில் சொல்லலாம். "எட்டு மாசமா பேச்சுவார்த்தை இல்லை" என்பது சொன்னதைத் திருப்பிச் சொல்வது. "கோபம் இருக்கு, கூடவே எதிர்பார்ப்பும் இருக்கு" என்பது உணர்வைத் தொடுவது. "அவர் முதல்ல கூப்பிட்டா, நீங்க அவருக்கு முக்கியம்னு தெரிஞ்சுடும் இல்லையா?" என்பது, சொல்லாமல் விட்ட பொருளைத் தொடுவது. மூன்றாவது எப்போதும் சிறந்தது என்று நினைக்கக் கூடாது. நம்பிக்கை வளராத முதல் பத்து நிமிடத்தில் அப்படிச் சொன்னால், வந்தவர் பின்வாங்கிவிடுவார். தவறாக ஊகித்தால் "இல்லங்க, அப்படி இல்ல" என்று திருத்துவார். அந்தத் திருத்தமும் லாபம்தான். அதனால் ஆலோசகர் இதையெல்லாம் தீர்ப்பாகச் சொல்லாமல், சரிதானா என்று கேட்கும் தொனியில் சொல்வார்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைக் குறைத்துக்கொள்வதும் ஒரு பயிற்சி. "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றால் காதில் விழுவது குற்றச்சாட்டு; வருவது சமாதானம். "அந்த நேரத்தில உங்களுக்குள்ள என்ன ஓடிச்சு?" என்று கேட்டால் வருவது செய்தி.

மௌனமும் ஒரு கருவி. வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கிறார். புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள் சில நொடிகளுக்குள் பதறி அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த இடைவெளியில்தான் வந்தவர் ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று எடை போட்டுக்கொண்டிருப்பார். எல்லா மௌனமும் ஒன்றல்ல. யோசிக்கும் மௌனத்தைக் கலைக்கக் கூடாது. மிரண்டுபோன மௌனத்தில் ஒருவரைத் தனியே விட்டுவிடவும் கூடாது. வேறுபாடு மூச்சிலும் தோளிலும் தெரியும்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. "கஷ்டமா இருக்கு", "டென்ஷன்", "மனசே சரியில்ல" என்ற மூன்று சொற்களுக்குள் எல்லா வேதனையையும் அடைத்துவிடுகிறோம். ஆனால் பயத்துக்குத் தேவைப்படுவது ஒன்று, அவமானத்துக்குத் தேவைப்படுவது வேறு. குற்றவுணர்வு இருந்தால் ஈடுசெய்ய வழி தேடலாம். துக்கம் இருந்தால் ஈடுசெய்ய ஒன்றுமில்லை, அழ இடம் வேண்டும். எனவே ஆலோசகர் அந்த மூட்டையை அவிழ்ப்பார்: "கஷ்டம்னு சொல்றீங்களே, அது உடம்பில எங்க தெரியுது? அதுல கோபம் எவ்வளவு, பயம் எவ்வளவு?" உணர்வுக்குப் பெயர் வைப்பதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்பதற்கு மூளைப் படப் பரிசோதனைச் சான்றும் இருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், முகப் படங்களில் தெரியும் உணர்வுக்குப் பெயரிட்டவர்களிடம், அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது.

'நிம்மதி வேணும்' என்பது இலக்கு ஆகாது

நிம்மதியை அளக்க முடியாது. வந்ததா என்று சொல்லவும் முடியாது. எனவே ஆலோசகர் கேட்பார்: "நீங்க தூங்கும்போது இந்தப் பிரச்சினை தீர்ந்துடுச்சு, ஆனா அது உங்களுக்குத் தெரியாதுன்னு வைங்க. காலையில எழுந்ததும் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பீங்க?" ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் தம்பதியர் வளர்த்த தீர்வுமையச் சிகிச்சையிலிருந்து வந்த கேள்வி இது. "அலாரம் அடிச்சதும் எழுந்திருப்பேன்", "பையன்கிட்ட எரிஞ்சு விழ மாட்டேன்" என்று விடை வரும். இவைதான் இலக்குகள்.

அதே மரபில் இன்னொரு கேள்வி, 0 முதல் 10 வரையிலான அளவுகோல். வந்தவர் "3-ல இருக்கேன்" என்றால், "ஏன் 3தான்?" என்று கேட்பதில்லை. "1-ஆ இல்லாம 3-ஆ இருக்க எது உதவுது?" என்று கேட்பார். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பலம் அங்கே தெரியும். பிறகு, "4 ஆகணும்னா என்ன கொஞ்சம் மாறணும்?" 10-க்குப் போகும் வழியைக் கேட்டால் மலைப்பு வரும், 4-க்கு வழி கேட்டால் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று வரும்.

எண்ணப் பதிவு: ஒரு கருவியை விரிவாகப் பார்ப்போம்

முறைகள் பல. குழந்தைப் பருவ உறவுகள் இன்றைய உறவுகளில் எப்படித் திரும்ப நிகழ்கின்றன என்று பார்க்கும் உளஇயக்க முறை, குடும்பத்தை ஒரே அமைப்பாகப் பார்க்கும் குடும்பச் சிகிச்சை, 'மாறணும், ஆனா...' என்ற இழுபறியில் இருப்பவருக்கான ஊக்குவிப்பு நேர்காணல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. ஒரே ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கடப்பதைவிடப் பயன் தரும்.

மனச்சோர்வு உள்ளவர்களோடு வேலை செய்த மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் ஒன்றைக் கவனித்தார்: நிகழ்வுக்கும் உணர்வுக்கும் நடுவில், மின்னல் போல ஓர் எண்ணம் ஓடி மறைகிறது. அறிதிறன் நடத்தைச் சிகிச்சை அந்த எண்ணத்தைப் பிடித்துத் தாளில் எழுத வைக்கிறது. மேலதிகாரிக்கு வணக்கம் வைத்தேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை: இது சூழ்நிலை. 'என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்': இது எண்ணம். பயம், 100-க்கு 80: இது உணர்வு. அடுத்து, எண்ணத்துக்கு ஆதரவான சான்று: போன வாரம் ஓர் அறிக்கையில் தவறு கண்டுபிடித்தார். எதிரான சான்று: நேற்றுதான் புதிய பொறுப்பு கொடுத்தார், நான் வணக்கம் வைத்தபோது கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு சமநிலையான எண்ணம்: 'அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம், அறிக்கையைப் பற்றி நானே கேட்டுவிடலாம்.' இப்போது பயம் எவ்வளவு? 45.

0 ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆக வேண்டியதும் இல்லை. நல்லதையே நினை என்று இந்த முறை சொல்வதில்லை. சான்றைப் பார் என்றுதான் சொல்கிறது. சில நேரம் சான்று பயத்தின் பக்கமே இருக்கும், வேலை உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும். அப்போது எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வேறு வேலை தேடத் திட்டமிட வேண்டும். இந்த இடத்தில்தான் அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் தடுமாறுகிறார்கள்: நிஜமான வறுமையையும் நிஜமான கொடுமையையும் 'உங்கள் எண்ணக் கோளாறு' என்று சொல்லிவிடுகிறார்கள். அது வந்தவரை இன்னொருமுறை காயப்படுத்துவது.

எழுதும் வேலை வீட்டுப்பாடமாகப் போகும். செய்யாமல் வந்தால் திட்டு விழாது. எது தடுத்தது என்று பேசுவார்கள். பெரும்பாலும் பாடம் பெரிதாக இருந்திருக்கும். தினம் ஒன்று என்பது வாரத்துக்கு இரண்டாகும்.

எங்கே தவறுகிறது

ஆலோசகர் பக்கத் தவறுகளில் அடிக்கடி நேர்வது, அவசர ஆறுதல். "எல்லாம் சரியாயிடும்" என்ற சொல், கேட்பவரின் சங்கடத்தைத்தான் முதலில் தீர்க்கிறது. சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று தன் கதைக்குப் போவது இன்னொன்று. தம்பதியர் கவுன்சலிங்கில் ஒருவர் பக்கம் சாய்வது மற்றொன்று. சாய்ந்தது தெரிந்ததும் மற்றவர் வருவதை நிறுத்திவிடுவார். உறவினரையோ நண்பரையோ தன்னிடமே வரச் சொல்வது, வந்தவரோடு பண உறவோ காதல் உறவோ வைத்துக்கொள்வது ஆகியவை தவறு என்ற எல்லையையும் தாண்டியவை. அப்படி நடந்தால் உடனே விலகிப் புகார் செய்ய வேண்டும்.

பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை முதல் நாளே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வைப்பது ஆபத்தான தவறு. விபத்துக்கும் பேரிடருக்கும் பின் ஒரே ஓர் அமர்வில் எல்லாரையும் உட்கார வைத்துக் கதை சொல்ல வைக்கும் முறை, பிற்கால அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. முதலில் பாதுகாப்பு, தூக்கம், மூச்சையும் உடலையும் நிலைப்படுத்தும் பயிற்சி. கதை பிறகு, அதுவும் சொல்கிறவர் விரும்பும் வேகத்தில்.

வந்தவர் பக்கத்திலும் ஒன்று உண்டு: பிடிக்காததைச் சொல்லாமல் நின்றுவிடுவது. 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற ஆய்வாளர், இந்த உறவு மூன்றால் ஆனது என்றார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும், பலனோடு நிலையாகத் தொடர்பு காட்டுவது இந்தக் கூட்டுறவின் தரம்தான். எனவே "நீங்க போன வாரம் சொன்னது என்னைக் காயப்படுத்துச்சு" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. நல்ல ஆலோசகர் அதை வரவேற்பார். சிலருக்கு, மனத்தாங்கலைச் சொல்லியும் உறவு முறியாமல் இருப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதே அங்கேதான்.

கவுன்சலிங் மட்டும் போதாத இடங்கள்

இல்லாத குரல்கள் கேட்பது, நாட்கணக்கில் தூங்காமலே பெருத்த உற்சாகத்தில் இருப்பது, சாப்பாடு அறவே இறங்காமல் எடை சரிவது, இவற்றுக்கு மனநல மருத்துவர் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு மனச்சோர்வைப் போலவே தோன்றும். இரத்தப் பரிசோதனையில் தெரிவது, பேச்சில் தெரியாது. மருந்தும் கவுன்சலிங்கும் ஒன்றுக்கொன்று பகை அல்ல, பலருக்கு இரண்டும் சேர்ந்தே உதவுகின்றன.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையற்றது. பயிற்சி பெற்ற ஆலோசகர் வெளிப்படையாகவே கேட்பார்: செத்துடலாம்னு தோணுதா, திட்டம் இருக்கா, அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கா. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள்: ஆபத்து நெருங்கும் அறிகுறிகள், தானாகச் செய்து தணியக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் இடங்களும் மனிதர்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி எண்கள், வீட்டிலிருந்து ஆபத்தானவற்றை அகற்றும் வழி. எழுதியதை வந்தவர் கையோடு கொண்டுபோவார். இந்த நிலையில் இருப்பவர் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. உடனடி உதவி எண்ணையோ மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ நாட வேண்டும்.

எத்தனை முறை, எப்போது முடிப்பது

1986-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், 8 சந்திப்புகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேரும், 26 சந்திப்புகளுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரும் அளக்கத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். முதல் சந்திப்பில் மனம் லேசாவது வேறு, மாற்றம் வேறு என்று இதிலிருந்து புரியும். முன்னேற்றத்தை அளக்க ஆலோசகர்கள் சிறு வினாத்தாள்களைப் பயன்படுத்துவார்கள். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் 0 முதல் 27 வரை. சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பினால், 18-இல் தொடங்கியது 11-க்கு வந்ததா என்று இருவரும் பார்க்கலாம். எண் அசையவே இல்லை என்றால் முறையை மாற்றவோ வேறொருவரிடம் அனுப்பவோ பேச வேண்டும்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எந்த முறையில் வேலை செய்கிறீர்கள், என் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, உங்கள் வேலையை மூத்தவர் யாராவது மேற்பார்வை செய்கிறாரா. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவரிடம் மனத்தைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று நான்கு சந்திப்பு தருகிற அவகாசத்தில் பொருத்தம் தெரிந்துவிடும்.

முடிப்பதும் திட்டமிட்டே நடக்கும். வாரம் ஒருமுறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகும், பிறகு மாதம் ஒருமுறை. கடைசிச் சந்திப்புகளில் வந்தவர் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதுவார்: பழைய நிலை திரும்பி வருகிறது என்பதற்கு எனக்கு முதலில் தெரியும் அறிகுறி எது (குளிப்பதைத் தள்ளிப்போடுவது, போனை எடுக்காமல் இருப்பது), அப்போது முதல் இரண்டு நாளில் நான் செய்ய வேண்டியது என்ன, யாரிடம் சொல்ல வேண்டும், எந்தக் கட்டத்தில் ஆலோசகரைத் திரும்ப அழைக்க வேண்டும். அட்டை அவர் பையில் இருக்கும். கதவு திறந்துதான் இருக்கும்.